மூன்றாவது பேட்டரி

ஈசாஃப்யோர்துரில் நவம்பர் கடைசியில்
மலைக்குப் பின்னால் போகும் சூரியன்
ஜனவரி முடியும்வரை தலைகாட்டாது.
அந்த இருட்டில்தான் லென்ஸ் மக்கர் செய்தது.

கெஸ்துரைப் படமெடுத்தால்
அவன் காதுக்குப் பின்னாலிருக்கும் குளிர்பெட்டி தெளிவாக விழும்.
கேக்கை எடுத்தால்
மெழுகுவர்த்திக்கு அப்பால் கிடக்கும் கத்தி.
கைப்பந்துப் போட்டியில்
பந்தெறிபவளை விட்டுவிட்டு
பெஞ்சில் கொட்டாவி விடும் மாற்று ஆட்டக்காரி,
பல் பல்லாக.

"உனக்குக் கை நடுங்குகிறது" என்றான்.
துறைமுகப் பாரந்தூக்கிகளுக்கு
மின்கம்பி பார்ப்பவள் நான்.
நடுங்கும் கையென்றால்
இந்நேரம் கரிக்கட்டை.

பழுதென்றால் எளியதை முதலில் சந்தேகி.
பக்கவாட்டுப் பொத்தான்
தானியங்கியில்தான் இருந்தது.
முன்கண்ணாடியில் ஒரு பெருவிரல் ரேகை; துடைத்தேன்.
பொன்முலாம் பூசிய தொடுமுனைகளை உலர்துணியால் தேய்த்தேன்.
காப்புக்கென்று மாட்டியிருந்த மலிவுக் கண்ணாடியைக் கழற்றினேன்.
குளிரிலிருந்து வந்து வியர்த்திருக்குமோ என்று
பிளாஸ்டிக் பையில் கட்டி
ஒரு மணி நேரம் பொறுத்தேன்.
அப்புறமும் அதே கத்தி. அதே கொட்டாவி.

ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசைமேல்
ஐந்து பேட்டரிகளைச் சாய்வரிசையில் நிறுத்தினேன்.
பக்கத்தில் பள்ளிக்கூட அளவுகோல்.
தலைக்குமேல் பட்டறை விளக்கு.
முக்காலியில் கேமரா.

மூன்றாவதைக் குறிவைத்தேன்; நான்காவது தெளிந்தது.
மறுபடி மூன்றாவது.
மறுபடி நான்காவது.
பின்திரையைப் பார்த்து எடுத்தால் சொன்னபடி கேட்கிறது,
கண்ணை ஒட்டவைத்து எடுத்தால்
ஒரு பேட்டரி தாண்டிப் போகிறது.

அப்படியானால் லென்ஸ் பொய் சொல்லவில்லை.
உடலும் பொய் சொல்லவில்லை.
இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு மனஸ்தாபம்.
அதற்கென்றே அமைப்புகளின் அடியாழத்தில்
ஒரு எண் வைத்திருக்கிறார்கள்.
பின்னால் விழுந்தால் மைனஸ் பக்கம் இழுக்க வேண்டும்.
மைனஸ் மூன்று.
மைனஸ் ஆறு.
மைனஸ் எட்டில்
மூன்றாவது பேட்டரியின் எழுத்துகள்
ஊசியால் கீறியதுபோல் எழுந்து நின்றன.

"ப்ரின்யா, இது பழைய படம், இது புதுசு.
எது தெளிவு, சொல்."
கணினித் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்திருந்தேன்.
ஒன்பது வயசுக்காரி
சோபாவிலிருந்தே திரும்பினாள்.
"ரெண்டும் ஒண்ணுதானே."
"எழுத்தைப் பார்."
"எந்த எழுத்து?"

சிரித்தேன்.
பிறகு சிரிக்கவில்லை.
ஓரடி கிட்டே வரச்சொன்னேன். இன்னும் ஓரடி.
மேசை விளிம்பு வயிற்றில் இடித்தபோது
"ஓ, இதுவா" என்றாள்.

ராத்திரி, வீண் என்று ஒதுக்கிய படங்களைத் திறந்தேன்.
கெஸ்துரின் மங்கலான காதுக்குப் பின்னால்
குளிர்பெட்டிக் கதவில், காந்த மீனின் கீழே
பள்ளிச் செவிலியின் கடிதம்.
கண் பரிசோதனை. டிசம்பர் ஒன்பது. காலை பத்து மணி.
கையெழுத்தின் சுழி வரைக்கும் படிக்க முடிந்தது.
பதினொரு படங்கள்.
பதினொன்றிலும் அது.

தலைநகரிலிருந்து கண்ணாடி வந்த விமானம்
காற்றுக்குப் பயந்து இரண்டு தரம் திரும்பிப் போனது.
மைனஸ் ஒன்றேகால்.
"உன் லென்ஸுக்கு நான் தேவலை" என்று
தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

சூரியன் திரும்பிய அன்று
ஊரெங்கும் காபியும் மெல்லிய அப்பமும்.
ஜன்னலில் நின்ற ப்ரின்யா கத்தினாள்:
"மலைமேல வேலி போட்டிருக்காங்க!"
பனிச்சரிவைத் தடுக்கும் வேலி அது.
அவள் பள்ளிக்கூடம் போகும் முன்பே நட்டது.

எடுத்தேன்.
வெளிச்சம் போதுமானது, பொத்தான் சரி, மைனஸ் எட்டும் அதனிடத்தில்.
படத்தில் ஜன்னல், சடை, கண்ணாடி, மலை
எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாக இழுபட்டுக் கிடந்தன.

கெஸ்துர் திரையை எட்டிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு அப்பம் எடுத்துக்கொண்டான்.